எல்லா வேளையும் 120/80, 80, 18: இந்த சார்ட்டில் எந்த எண்ணை நம்பலாம்?

#1 சார்ட்_பார்வை (இழையைத் தொடங்கியவர்)

செவிலியர், மருத்துவ மாணவர் இரு தரப்பின் பயிற்சிக்காகவும் ஒரு கற்பனை சார்ட் போட்டிருக்கிறேன். நோயாளி ஆண், 62 வயது. சேர்க்கைக் குறிப்பில் இருப்பது ஒரே வரி: "மயக்கம் 3 நாளாக. பிபி, சுகர் இல்லை. அலர்ஜி இல்லை."

காலை 6: பிபி 120/80, நாடி 80, மூச்சு 18, வெப்பம் 98.6, ஆக்சிஜன் 98
மதியம் 2: பிபி 120/80, நாடி 80, மூச்சு 18, வெப்பம் 98.6, ஆக்சிஜன் 98
இரவு 10: மேற்படியே

கேள்வி இரண்டு. இதில் எந்த எண்ணை நம்புவீர்கள், எதைத் திரும்ப எடுப்பீர்கள்? அந்த ஒரு வரி ஹிஸ்டரியை, அதாவது நோயாளியிடம் கேட்டு எழுதும் விவரத்தை, திரும்ப எழுதச் சொன்னால் எங்கிருந்து தொடங்குவீர்கள்? சரியான அளவுகள் கையில் இருக்கின்றன. நீங்கள் எழுதிய பிறகு போடுகிறேன்.

#2 இரவுப்பணி

மூன்று வேளையும் மூச்சு 18. எண்ணவே இல்லை என்று சொல்ல இது ஒன்றே போதும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு என்று படித்திருப்போம். நடுவில் ஒன்றைப் பிடித்துப் போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. 16, 18, 20 மூன்றும் வார்டுகளின் செல்ல எண்கள்.

கொடுமை என்னவென்றால், நோயாளி சரியத் தொடங்கும்போது முதலில் அசைவது பெரும்பாலும் மூச்சுதான். ரத்தம் குறைந்தாலும், அமிலம் கூடினாலும், நுரையீரலில் தொற்று வந்தாலும் உடம்பு முதலில் மூச்சை வேகமாக்கித்தான் சமாளிக்கப் பார்க்கும். பிபி கடைசிவரை தாக்குப்பிடித்துவிட்டு அப்புறம்தான் விழும். அதாவது நமக்கு முன்கூட்டியே தகவல் சொல்லும் எண்ணைத்தான் நாம் கற்பனையில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

எண்ணும் முறை: நாடி பார்க்கும்போது நோயாளியின் கையை அவர் மார்பின் மேலேயே குறுக்காக வைத்துக்கொள்ளுங்கள். நாடியை எண்ணி முடித்த பிறகும் விரலை எடுக்காதீர்கள். நாடிதான் பார்க்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும். மார்பு ஏறி இறங்குவது உங்கள் கையிலேயே தெரியும். கடிகாரத்தைப் பார்த்து 60 விநாடி. "மூச்சை எண்ணப் போறேன், சாதாரணமா விடுங்க" என்று சொன்னீர்களோ, அதோடு சாதாரணம் போயிற்று.

#3 சுருக்கெழுத்து

30 பேர் இருக்கிற வார்டில் ஆளுக்கு ஒரு நிமிடம் மூச்சுக்கே போனால் மற்ற வேலை? 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் என்ன குறைந்துவிடும்?

#4 இரவுப்பணி

கணக்கைப் பாருங்கள். 15 விநாடியில் 5 எண்ணினால் 20, 6 எண்ணினால் 24. இடையில் 21, 22, 23 என்ற எண்களே உங்களுக்குக் கிடைக்காது. ஒரே ஒரு மூச்சு எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் நான்கு கூடும் அல்லது குறையும். நோயாளி மோசமாவதை முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பல மருத்துவமனைகள் பயன்படுத்தும் நியூஸ் 2 மதிப்பெண்ணில் 12–20க்குப் பூஜ்யம், 21–24க்கு 2, 25 வந்தால் 3. நான்கு தவறினால் மதிப்பெண்ணே மாறிவிடும். 30 விநாடி என்றால் தவறு இரண்டோடு நிற்கும். மூச்சு ஒழுங்காக இருந்து, ஆளும் நன்றாக இருந்தால் 30 விநாடியைப் பொறுத்துக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் முழு நிமிடம்.

நேரம் பற்றி: தானியங்கி பிபி மெஷின் ஊதி இறங்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் நாம் சுவரைத்தானே பார்த்துக்கொண்டு நிற்கிறோம்?

#5 தொட்டில்

குழந்தைகள் விஷயத்தில் அரை நிமிடக் கணக்கே கூடாது. சின்னக் குழந்தை சில விநாடி மூச்சை நிறுத்தி, பிறகு வேகமாக விடும். எந்த 15 விநாடி உங்களிடம் மாட்டுகிறதோ அதைப் பொறுத்து எண் மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் வேக மூச்சு வரம்பு: 2 மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் 12 மாதத்துக்குள் 50, 1 வயது முதல் 5 வயதுக்குள் 40. அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ண வேண்டாம். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60ஐத் தொட்டாலோ தாண்டினாலோ இன்னொரு முறை எண்ணி உறுதி செய்ய வேண்டும். சட்டையைத் தூக்கிப் பாருங்கள். விலா எலும்புக்குக் கீழே மார்பு உள்வாங்குகிறதா என்பது எண்ணைவிடப் பெரிய சேதி.

#6 கருவிப்பெட்டி

பிபிக்கு வருகிறேன். கையால் எடுக்கும் மானியில் கோடு 2 மி.மீ.க்கு ஒன்று. ஒழுங்காகப் படித்தால் கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 ஐந்தும் ஏறக்குறைய சமமாக வரவேண்டும். எல்லாமே 0 என்றால் கண் மதிப்பில் எழுதியது. 5 என்று முடிந்தால் அது இன்னும் வேடிக்கை, 5க்கு அந்த மானியில் கோடே கிடையாது. டிஜிட்டலில் எடுத்திருந்தால் 117/73, 126/81 என்று ஒற்றைப்படையும் கலந்து வந்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் மூன்று வேளையும் 120/80 வருவது நடக்கிற காரியமில்லை.

பிபி தப்பாக வந்தால் எல்லாரும் மெஷினைத் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி கையில் சுற்றும் பட்டை, அதாவது கஃப். உள்ளே இருக்கிற ரப்பர் பையின் அகலம் கைச் சுற்றளவில் 40 சதவீதம், நீளம் 80 சதவீதமாவது இருக்கவேண்டும். தோள் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் டேப் வைத்து அளந்து 32 செ.மீ. என்றால், பை சுமார் 13 செ.மீ. அகலம், 26 செ.மீ. நீளம். பருத்த கைக்குச் சின்ன கஃப் கட்டினால் பிபி 10, சில சமயம் அதற்கும் மேல் கூடுதலாகக் காட்டும். மெலிந்த கைக்குப் பெரியது கட்டினால் கொஞ்சம் குறைத்துக் காட்டும். கஃப்பின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2–3 செ.மீ. மேலே. சட்டைக் கையைச் சுருட்டி ஏற்றி, அது கயிறு கட்டினதுபோல் இறுக்கிக்கொண்டிருக்க, அதற்குக் கீழே கஃப் கட்டுவது தினமும் நடக்கிற தப்பு.

அடுத்து கையின் உயரம். இதயத்துக்கு 10 செ.மீ. கீழே கை தொங்கினால் 7 முதல் 8 மி.மீ. கூடும். மேலே தூக்கினால் அதே அளவு குறையும். இது வெறும் திரவ அழுத்தக் கணக்கு, யாருக்கும் விதிவிலக்கு இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு நெஞ்செலும்பின் நடுவுக்கு நேராக கை மேசைமேல் இருக்கட்டும். படுத்திருப்பவரின் கையைக் கட்டிலிலேயே விட்டால் அதுவும் இதயத்துக்குக் கீழேதான். கைக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை வையுங்கள். கையை நோயாளியே தூக்கிப் பிடிக்கக் கூடாது, தசை இறுகினால் அழுத்தம் ஏறும்.

5 நிமிட ஓய்வு, முதுகுக்குச் சாய்மானம், பாதம் தரையில், கால்மேல் கால் கூடாது, சிறுநீர் முட்டிக்கொண்டு இருக்கக் கூடாது, அரை மணிக்குள் காபி, புகை, ஓட்டம் எதுவும் கூடாது. முக்கியமாக, பேசக் கூடாது. இங்கேதான் நாம் எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம். கஃப் ஊதிக்கொண்டிருக்கும்போதே "எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டால் ஹிஸ்டரியும் கெடும், பிபியும் கெடும்.

#7 பயிற்சியில்

ஸ்டெத் வைத்து எடுக்கும்போது எவ்வளவு ஊத வேண்டும் என்பதில்தான் குழப்பம். நேரா 200க்கு ஏத்திடலாமா?

#8 கருவிப்பெட்டி

வேண்டாம் தம்பி, வலிக்கும். வலித்தால் பிபியும் ஏறும். முதலில் மணிக்கட்டு நாடியில் விரல் வைத்துக்கொண்டே ஊது. நாடி எந்த எண்ணில் மறைகிறதோ அதை மனதில் வை. முழுக்க இறக்கு. அரை நிமிடம் விடு. இப்போது அந்த எண்ணுக்கு மேல் 30 ஏற்று. முழங்கை மடிப்பின் உள்பக்கம் தமனித் துடிப்பின்மேல் ஸ்டெத்தை லேசாக வை, கஃப்புக்கு அடியில் செருகாதே. விநாடிக்கு 2–3 மி.மீ. வேகத்தில் இறக்கு. முதலில் தொடர்ந்து கேட்கும் இரண்டு தட்டலில் முதலாவது சிஸ்டாலிக், அதாவது மேல் எண். ஒலி முழுக்க மறையும் இடம் டயஸ்டாலிக், கீழ் எண்.

விரல் வைத்துப் பார்க்காமல் குத்துமதிப்பாக ஊதினால் என்ன ஆகும்? சிலருக்கு நடுவில் ஒலி காணாமல் போய்த் திரும்ப வரும். உண்மையான சிஸ்டாலிக் 190, ஒலி 170இல் மறைந்து 150இல் திரும்ப வருகிறது என்று வைத்துக்கொள். நீ 160 வரைதான் ஊதினாய் என்றால் உன் காதுக்கு முதல் ஒலி 150. நாற்பது மி.மீ. காணோம். விரலுக்கு இந்த ஏமாற்று நடக்காது, நாடி 190 வரை துடித்துக்கொண்டுதான் இருக்கும்.

இந்த ஒலிகளைச் சொன்னவர் ரஷ்ய அறுவை மருத்துவர் கொரோட்கோவ், 1905இல். அதற்கு முன் 1896இல் ரிவா-ரோச்சி கஃப்பைக் கொண்டுவந்தபோது விரலால்தான் பார்த்தார்கள், சிஸ்டாலிக் மட்டும் கிடைத்தது. சத்தமான அவசரப் பிரிவில் ஸ்டெத் உதவாதபோது இன்றும் அந்தப் பழைய முறைதான் கைகொடுக்கிறது. அப்படி எடுத்தால் "110, விரலால்" என்று எழுது. கீழே ஒரு 70ஐச் சேர்த்துக் கற்பனை செய்யாதே.

#9 சுருக்கெழுத்து

டிஜிட்டல் இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு?

#10 கருவிப்பெட்டி

டிஜிட்டல் ஒலியைக் கேட்பதில்லை. கஃப்பில் வரும் அதிர்வைப் பார்த்து, அது உச்சமாக இருக்கும் சராசரி அழுத்தத்தைக் கண்டு, சிஸ்டாலிக்கையும் டயஸ்டாலிக்கையும் கணக்குப் போட்டுச் சொல்கிறது. துடிப்பு ஒழுங்காக இருந்தால் நல்ல கருவிதான், மனிதக் காதின் சோம்பல் அதற்கு இல்லை. ஆனால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்போல் துடிப்பு தாறுமாறாக இருந்தாலோ, நடுக்கம், குளிர் உதறல் இருந்தாலோ கணக்கு சொதப்பும். அந்த நிலையில் மூன்று முறை எடுத்துச் சராசரி, முடிந்தால் ஸ்டெத். "எரர்" என்று வந்தவுடன் அதே கையில் மறுபடி மறுபடி அழுத்தக் கூடாது. 1–2 நிமிடம் இடைவெளி கொடுங்கள்.

முள் மானி வைத்திருப்பவர்கள் ஊதாதபோது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை கீழே விழுந்தாலே அதன் கணக்கு போய்விடும். பாதரசக் கருவிகளை விலக்க வகை செய்யும் மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்த பிறகு முள் மானியும் டிஜிட்டலும்தான் கதி. ஆகவே அளவுத்திருத்தம் இனி நம் பொறுப்பு.

முதல்முறை என்றால் இரண்டு கையிலும் எடுங்கள். தொடர்ந்து 10க்கு மேல் வித்தியாசம் வந்தால், இனி எப்போதும் கூடுதலாக உள்ள கை. நெஞ்சுவலியோடு வந்தவருக்கு 20க்கு மேல் வித்தியாசம் என்றால் பெருந்தமனிக் கிழிசலை மனதில் வைத்து உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த (ஃபிஸ்டுலா) கை, மார்பக அறுவையில் அக்குள் நிணநீர்க் கணு எடுத்த பக்கம், டிரிப் ஓடும் கை: இவற்றைத் தவிர்க்கவும்.

#11 நாடிக்காரன்

நாடி 80 எங்கிருந்து வந்தது? விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் திரையிலிருந்து என்றால் அது எண் மட்டுமே. விரல் சொல்வது நான்கு: வேகம், ஒழுங்கு, நிறைவு, இரு பக்கமும் சமமா. சுட்டுவிரல், நடுவிரல் இரண்டும் வைத்துப் பாருங்கள். கட்டைவிரல் வைத்தால் உங்கள் நாடியே உங்களுக்குக் கேட்கும். ஒழுங்காக இருந்தால் 30 விநாடி போதும். ஒழுங்கில்லையென்றால் ஒரு நிமிடம், அதோடு இன்னொருவர் இதயத்தில் ஸ்டெத் வைத்து அதே நிமிடம் எண்ணட்டும். இதயத்தில் 112, மணிக்கட்டில் 88 என்றால் மீதி 24 துடிப்பு கைக்கு வந்து சேரவே இல்லை. 88 என்று மட்டும் எழுதினால் உண்மை மறைந்துவிடும்.

#12 தொட்டில்

வெப்பம் பற்றிச் சுருக்கமாக. எங்கே எடுத்தது என்று எழுதாத வெப்பம் பாதி அளவுதான். அக்குள் வாயைவிடச் சுமார் அரை டிகிரி செல்சியஸ் குறைவு, ஆசனவாய் அரை டிகிரி கூடுதல். சூடாகவோ குளிர்ச்சியாகவோ குடித்திருந்தால் வாயில் வைக்க 15–20 நிமிடம் காத்திருக்க வேண்டும். காதுக் கருவி என்றால் பெரியவருக்குக் காது மடலை மேலும் பின்னுமாக இழுக்கவேண்டும், கைக்குழந்தைக்குக் கீழும் பின்னுமாக. நேராக்காவிட்டால் அது செவிப்பறையைப் பார்க்காது, காது மெழுகைத்தான் பார்க்கும். நெற்றிக் கருவியை வியர்வை ஏமாற்றும். 38 செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், காய்ச்சல். ஆனால் முதியவருக்கும் பச்சிளம் குழந்தைக்கும் கடும் தொற்றிலும் வெப்பம் ஏறாமலே இருக்கலாம், 36க்குக் கீழே இறங்கியும் விடலாம். அதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்.

#13 நாடிக்காரன்

ஆக்சிஜன் 98க்கும் இதே கதை. காற்றிலா, ஆக்சிஜன் ஓடும்போதா? மாஸ்க் வழியாக 6 லிட்டர் ஓடி 98 என்றால் அது நல்ல சேதியே அல்ல. கருவி 660 நானோமீட்டர் சிவப்பு, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு என்ற இரண்டு ஒளியை விரலுக்குள் அனுப்பி, துடிப்போடு மாறும் பகுதியைப் பிரித்துக் கணக்கிடுகிறது. துடிப்பு சரியாகக் கிடைக்காவிட்டால் கணக்கும் இல்லை. ஆகவே திரையில் காட்டும் நாடியும் உங்கள் விரலில் உள்ள நாடியும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். ஒத்துப்போகாத 98ஐ எழுதாதீர்கள். விரல் சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கவும். நகப்பூச்சை எடுக்கவும். பிபி கஃப் கட்டிய அதே கையில் மாட்டாதீர்கள், ஊதும்போதெல்லாம் எண் விழும்.

இன்னும் இரண்டு பொறி. புகைக்குள் மாட்டி கார்பன் மோனாக்சைடு ஏறியவருக்கு 99 காட்டும், ஏனென்றால் கருவிக்கு அந்த ரத்தமும் சிவப்புதான். கருமையான தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு. மூச்சு வேகம் ஒரு பக்கம், 94 ஒரு பக்கம் என்றால் நான் மூச்சைத்தான் நம்புவேன்.

#14 கேள்விக்குறி

எல்லோரும் எண்களையே பிடித்துக்கொண்டீர்கள். எனக்கு உறுத்துவது அந்த "மயக்கம்" என்ற சொல். தமிழில் இதைவிட ஏமாற்றுகிற சொல் கிடையாது. நோயாளி மயக்கம் என்றால் குறைந்தது ஐந்து பொருள்:

நினைவு தப்பி விழுந்தது. கண் இருட்டி, விழப்போவதுபோல் வந்து நின்றது. தலை சுற்றல், அறையே சுழல்வது. நடக்கும்போது தள்ளாட்டம். ஒன்றுமில்லை, வெறும் அசதியும் தூக்கக் கலக்கமும்.

முதல் இரண்டும் பெரும்பாலும் ரத்த ஓட்டம், இதயம் பக்கம் போகும். சுழல்வது உள்காது அல்லது சிறுமூளை. தள்ளாட்டம் நரம்பு. கடைசியில் சொன்னது எங்கு வேண்டுமானாலும் போகும். எழுதுகிறவர் ஒரே சொல்லில் ஐந்தையும் மூடிவிட்டார்.

"மயக்கம்னா எப்படி வருதுன்னு சொல்லுங்க" என்று விட்டுவிடுங்கள். பிறகு: "கீழே விழுந்தீங்களா? விழுந்தது ஞாபகம் இருக்கா? படுத்திருக்கும்போது வருதா, எழுந்திருக்கும்போதா? கட்டில்ல புரண்டா வருதா?" புரளும்போது வந்தால் காது. எழும்போது மட்டும் வந்தால் பிபியை நிற்கவைத்துப் பார்க்காமல் விடக் கூடாது.

"இழுப்பு" இன்னொன்று. ஒருவருக்கு அது வீசிங் (மூச்சில் விசில் சத்தம்), இன்னொருவருக்கு வலிப்பு. "மரத்துப்போச்சு" என்பவருக்கு உணர்வு இல்லையா, பலம் இல்லையா? "நெஞ்சு" என்று தொப்புளுக்கு மேலே கை வைப்பவர்கள் நிறைய. "ஒரு விரலால காட்டுங்க" என்று கேட்பது எப்போதும் நல்லது. "வாயு" என்று நோயாளி சொன்னால் அது அவர் போட்ட நோய்க்கணிப்பு, நோய்க்குறி அல்ல. அழுத்துகிறதா, எரிகிறதா, நடந்தால் வந்து நின்றால் போகிறதா என்று திரும்பக் கேட்கவேண்டும்.

#15 சுருக்கெழுத்து

திறந்த கேள்வி கேட்டால் பாட்டி காலத்திலிருந்து தொடங்குவார்களே. ஓபியில் 60 பேர் நிற்கும்போது எப்படி?

#16 கேள்விக்குறி

அளந்து பார்த்திருக்கிறார்கள். 1984இல் பெக்மேன், ஃபிராங்கெல் ஆய்வில் மருத்துவர்கள் சராசரியாக 18 விநாடியில் குறுக்கிட்டார்கள். 2002இல் வெளிவந்த ஒரு சுவிஸ் ஆய்வில் குறுக்கிடாமல் 335 நோயாளிகளைப் பேசவிட்டபோது சராசரி 92 விநாடியில் அவர்களே முடித்துவிட்டார்கள். முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் இரண்டு நிமிடத்துக்குள். குறுக்கிட்டு மிச்சம் பிடிக்கும் அந்த ஒரு நிமிடத்துக்குப் பதில், கதவருகே போய் நின்று "இன்னொண்ணு டாக்டர்" என்று முக்கியமானதைச் சொல்வார்கள். அதற்கு ஆகிற நேரம் யார் கணக்கில்?

1975இல் ஹாம்ப்டன் குழு 80 புதிய நோயாளிகளைப் பார்த்தபோது, 66 பேருக்கு ஹிஸ்டரியிலேயே கிடைத்த கணிப்பு கடைசிவரை நின்றது. இப்போது பரிசோதனைகள் பெருகிவிட்டன என்பது சரிதான். ஆனாலும் எந்தப் பரிசோதனை எழுதுவது என்பதை ஹிஸ்டரிதானே முடிவு செய்கிறது.

#17 மாத்திரைப்பை

"பிபி, சுகர் இல்லை" என்ற வரிக்கு என் ஆட்சேபம். "பிபி இருக்கா?" என்று கேட்டால், மாத்திரையால் கட்டுக்குள் இருப்பவர் "இல்லை" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. போன தடவை பார்த்தபோது நார்மல், ஆகவே அவரைப் பொறுத்தவரை இல்லை. நோயின் பெயரைக் கேட்காதீர்கள், மருந்தைக் கேளுங்கள்: "தினமும் போடுற மாத்திரை என்னென்ன? எதுக்குன்னு சொன்னாங்க? கடைசியா எப்ப போட்டீங்க?"

"மாத்திரை" என்று கேட்டால் மாத்திரை மட்டும்தான் சொல்வார்கள். ஊசி, இன்ஹேலர், சொட்டு மருந்து, களிம்பு, மூலிகை, வலிக்குத் தானாக வாங்கியது என்று ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டும். கண்ணில் விடும் டிமோலால் சொட்டு நாடியைக் குறைக்கும், ஆஸ்துமாவைக் கிளப்பும். கண் சொட்டை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. முடிந்தால் வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். அட்டையில் எத்தனை மாத்திரை மீதி என்று எண்ணிப் பார்த்தால், ஒழுங்காகப் போடுகிறாரா என்பதும் தெரிந்துவிடும்.

அலர்ஜியும் அப்படித்தான். "பெனிசிலின் அலர்ஜி" என்று மட்டும் எழுதினால் அது வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்ளும். என்ன ஆயிற்று, போட்டு எவ்வளவு நேரத்தில், அப்புறம் அதே மருந்தைப் போட்டாரா? வயிற்றுப்போக்கு வந்தது பக்கவிளைவு. அரை மணியில் உதடு வீங்கி மூச்சு முட்டியது அலர்ஜி. இரண்டும் ஒரே கட்டத்தில் ஒரே சொல்லாகக் கிடக்கக் கூடாது.

#18 நாடிக்காரன்

இன்னொன்று, நின்று எடுக்கும் பிபி. 5 நிமிடம் படுக்கவைத்து எடுங்கள். எழுந்து நின்ற 1வது நிமிடம், 3வது நிமிடம் மறுபடி. சிஸ்டாலிக் 20, அல்லது டயஸ்டாலிக் 10 விழுந்தால் கணக்கில் உண்டு. கூடவே நாடியையும் எழுதவேண்டும். ரத்தமோ நீரோ குறைந்து பிபி விழுந்தால் நாடி எகிறும். நாடி ஏறவே இல்லை என்றால் ஒன்று நரம்புக் கோளாறு, அல்லது நாடியைப் பிடித்துவைக்கும் மருந்து. உட்காரவைத்து எடுத்துவிட்டு "நின்றது" என்று எழுதுவதும் நடக்கிறது. பக்கத்தில் ஆள் நிற்காமல் இதைச் செய்யாதீர்கள்.

#19 சார்ட்_பார்வை

அருமை, ஏறக்குறைய எல்லாவற்றையும் தொட்டுவிட்டீர்கள். அதே கற்பனை நோயாளி, முறைப்படி எடுத்தது:

படுத்து 5 நிமிடம்: 128/76, நாடி 64, ஒழுங்கு
நின்று 1 நிமிடம்: 104/68, நாடி 68, "கண்ணு இருட்டுது" என்றார்
3வது நிமிடம்: நிற்க முடியவில்லை, படுக்கவைத்தாயிற்று
மூச்சு: 24, முழு நிமிடம்
வாய் வெப்பம்: 98.2
ஆக்சிஜன்: 97, காற்றில்

ஹிஸ்டரி: எழுந்தால் கண் இருட்டுகிறது, படுத்தால் சரியாகிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மெட்டோப்ரோலால் 50 மி.கி. இரு வேளை, 4 ஆண்டாக ("பிபி இப்ப இல்லீங்க, நார்மலாயிடுச்சு"). மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், 3 வாரமாக, தானாக வாங்கியது. 4 நாளாக மலம் கறுப்பு.

#20 மாத்திரைப்பை

அப்படியென்றால் வயிற்றுக்குள் ரத்தக்கசிவு. டைக்ளோஃபெனாக் புண்ணாக்கியிருக்கிறது, மெட்டோப்ரோலால் நாடியை ஏறவிடாமல் பிடித்திருக்கிறது. நாடி 64ஐப் பார்த்தவர் "ஸ்டேபிள்" என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். மூச்சு மட்டும்தான் ஒளிக்காமல் சொன்னது.

கறுப்பு மலம் என்று மட்டும் எழுதாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையும் கறுக்கவைக்கும். தார்போல் பிசுபிசுப்பா, நாற்றம் வழக்கத்தைவிட மோசமா, தண்ணீர் ஊற்றினால் ஒட்டிக்கொள்கிறதா என்று கேட்கவேண்டும். யாரும் இதைத் தானாகச் சொல்லமாட்டார்கள், கூச்சம். "வலி மாத்திரை போடுறவங்களுக்குச் சில சமயம் கறுப்பாப் போகும், உங்களுக்கு எப்படி?" என்று காரணத்தோடு கேட்டால் பதில் வரும்.

#21 இரவுப்பணி

நியூஸ் 2 போட்டுப் பார்த்தேன். மூச்சு 24க்கு 2. ஆக்சிஜன், பிபி, நாடி, வெப்பம், நினைவு எல்லாம் பூஜ்யம். மொத்தம் 2. அட்டவணைப்படி 4 முதல் 6 மணிக்கு ஒருமுறை பார்த்தால் போதும்! நின்று எடுத்த 104 அதில் சேர்வதே இல்லை, மெட்டோப்ரோலால் என்ற பீட்டா பிளாக்கர் போடுகிறார் என்பதும் அதற்குத் தெரியாது. மதிப்பெண் கூடினால் ஓடுங்கள், சரி. குறைந்தால் உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் சார்ட்டிலோ மூச்சு 18, மொத்தமே பூஜ்யம்.

#22 பயிற்சியில்

இப்ப டியூட்டி டாக்டரை போன்ல கூப்பிட்டா எப்படிச் சொல்றது?

#23 இரவுப்பணி

"62 வயது ஆண். எழுந்தால் கண் இருட்டுகிறது, 3 நாளாக. டைக்ளோஃபெனாக் 3 வாரம், தார்போல் கறுப்பு மலம் 4 நாள். படுத்து 128/76, நின்று 104/68, நிற்க முடியவில்லை. நாடி 68தான், ஆனால் மெட்டோப்ரோலால் போடுகிறார். மூச்சு 24. ரத்தக்கசிவு என்று சந்தேகம், உடனே வந்து பாருங்கள். அதுவரை வாய்வழி ஒன்றும் கொடுக்கவில்லை, டைக்ளோஃபெனாக்கை நிறுத்தி வைத்திருக்கிறேன். டிரிப் லைன் போடவா, ரத்த வகைக்கு அனுப்பவா?" அரை நிமிடம்கூட ஆகாது. "மயக்கமா இருக்காராம் டாக்டர், வைட்டல்ஸ் நார்மல்" என்றால் காலையில்தான் வருவார், அவரையும் குறை சொல்ல முடியாது.

#24 சுருக்கெழுத்து

ஒப்புக்கொண்டேன். ஒரே சந்தேகம்: சேர்க்கைக் குறிப்பில் இருக்கிற "மயக்கம்" என்ற சொல்லை அடித்துவிட்டு "எழும்போது பிபி இறக்கம்" என்று மாற்றலாமா?

#25 கேள்விக்குறி

அடிக்காதீர்கள். அது அவர் சொன்ன சொல், மேற்கோள் குறிக்குள் அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே, "எழுந்தால் மட்டும் கண் இருட்டுகிறது. நினைவு தப்பவில்லை. சுழல்வதில்லை. நெஞ்சுவலி இல்லை" என்று நேரம், கையெழுத்தோடு எழுதுங்கள். இல்லை என்று சொன்னவற்றையும் எழுதினால்தான் அடுத்து வருபவருக்கு நீங்கள் கேட்டீர்கள் என்பது தெரியும். பழைய 18ஐயும் வெள்ளை பூசி மறைக்கவேண்டாம். ஒற்றைக் கோடு, பக்கத்தில் 24, எண்ணிய நேரம்.